உங்களுக்குத் தெரியுமா? மறுநாள் வான்கோழி

கிறிஸ்துமஸ் பிரியாணி என்றால் இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் ஆட்டுக்கறிக்கும் கோழிக்கும்தான் முதலிடம். ஆனாலும் ரோஸ்ட்டுக்கென்று முழு வான்கோழி வாங்குகிற வீடுகள் உண்டு. நெஞ்சுக்கறியில் ஆளுக்கொரு துண்டு எடுத்ததும் எல்லோர் கண்ணும் கேக் பக்கம் போய்விடும். 26-ஆம் தேதி காலையில் பாதிப் பறவை அப்படியே இருக்கும். இந்த வாரத் துணுக்குகள் அந்தப் பாதிக்காக.

★

வான்கோழியை முதலில் பழக்கி வளர்த்தவர்கள் மெக்சிகோ மக்கள். அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போய், போர்ச்சுக்கீசியர் கப்பல்களில் இந்தியாவுக்கு வந்தது. 1612-இல் முகலாய அதிகாரி முகர்ரப் கான் கோவாவிலிருந்து கொண்டுபோன விசித்திர உயிரினங்களில் இந்தப் பறவையைக் கண்டு ஜஹாங்கீர் வியந்துபோனார். தலையும் கழுத்தும் நிறம் மாறுவதைத் தன் நினைவுக்குறிப்பிலேயே எழுதிவைத்தார். அவருடைய ஓவியர் மன்சூர் வரைந்த வான்கோழிப் படம் இன்றும் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

★

‘நந்தனம் வான்கோழி-1’ என்று ஒரு ரகமே உண்டு. மாதவரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், நாட்டுக் கறுப்பு வான்கோழியோடு பெல்ட்ஸ்வில் சிறிய வெள்ளை ரகத்தைச் சேர்த்து உருவாக்கியது. கோழிமுட்டை பொரிக்க 21 நாள், இதற்கு 28 நாள். பொரித்த குஞ்சுக்குத் தீவனம் எது என்று அடையாளம் காணக்கூடத் தெரியாது. பண்ணையில் தீவனத்தோடு வண்ணக் கூழாங்கற்களைப் போட்டுவைத்துக் கொத்தப் பழக்குவார்கள். முதல் இரண்டு வாரம் பாலும் அவித்த முட்டையும் ஊட்டி வளர்ப்பதும் உண்டு. இத்தனை சீராட்டி வளர்த்த பறவையில் பாதியைக் குப்பையில் கொட்ட மனசு வருமா?

★

மறுநாள் சூடுபண்ணிய வான்கோழியில் ஒரு ‘பழைய வாடை’ அடிக்கும், கவனித்திருப்பீர்கள். கெட்டுப்போனதால் வருவதல்ல அது. வேகும்போது தசையிலுள்ள இரும்புச்சத்து விடுபடுகிறது. அது காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து கறியின் கொழுப்பைச் சிதைக்கிறது. 1958-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த வாடைக்குத் தனிப்பெயரே வைத்தார்கள். எளிதில் சிதைகிற வகைக் கொழுப்பு வான்கோழியில் அதிகம். அதனால் ஆட்டுக்கறி, மாட்டுக்கறியைவிட இதில்தான் வாடை சீக்கிரம் தலைகாட்டும். வெங்காயம், பூண்டு, மிளகு, கிராம்பு எல்லாம் இந்தச் சிதைவைத் தடுக்கக்கூடியவை. கறி குழம்புக்குள் மூழ்கிக் கிடந்தால் காற்றும் அண்டாது. ஆக, மறுநாள் கறிக்கு நம் வீட்டு மசாலா அலங்காரம் அல்ல, மருந்து. எலும்பிலிருந்து பிரித்த கறியை அன்றிரவே ரோஸ்ட்டில் ஊறி நிற்கும் சாற்றிலோ கிரேவியிலோ முக்கி மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் பாதி வேலை முடிந்த மாதிரி.

★

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது இராயபுரத்திலிருந்துதான். 1856 ஜூலை 1, வாலாஜா ரோடு வரை. அந்த ரயில்வேயோடு வடசென்னையில் வேரூன்றியவர்கள் ஆங்கிலோ இந்தியர்கள். மிச்சக் கறிக்கு அவர்கள் சமையலில் தனி மரியாதை. ஹோட்டல் மெனுவில் இன்று கெத்தாக நிற்கும் ஜால்ஃப்ரேஸி, வெள்ளையர் காலத்தில் நேற்றைய ரோஸ்ட்டைத் தீர்க்கக் கண்டுபிடித்த வழி. செய்வது சுலபம். அகலக் கடாயில் எண்ணெய் நன்றாகக் காயட்டும். நீளவாக்கில் அரிந்த வெங்காயம், கீறிய பச்சைமிளகாய், தக்காளி, குடமிளகாயைப் போட்டுப் பெரிய தீயில் புரட்டுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், கொஞ்சம் வினிகர். பிய்த்த கறி கடைசியில்தான். அது ஏற்கெனவே வெந்தது. ஆவி பறக்கச் சூடேறினால் போதும். முதலிலேயே போட்டு வதக்கினால் நார் நாராகிப் பல்லில் மாட்டும்.

★

எலும்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கறியைவிட ருசி அதில்தான் ஒளிந்திருக்கிறது என்பது என் கட்சி. குக்கரில் எலும்புக்கூட்டை உடைத்துப் போட்டு மிளகு, சீரகம், தனியா, பூண்டு, கறிவேப்பிலை சேர்த்து அரை மணி நேரம் வேகவிட்டு வடிகட்டினால் பிரமாதமான மிளகுத்தண்ணி கிடைக்கும். கொஞ்சம் தேங்காய்ப்பாலும் எலுமிச்சைச் சாறும் விட்டால் அதுவே வெள்ளைக்காரர்கள் சீமை வரை கொண்டுபோன ‘முல்லிகடானி’ சூப். மதராஸில் ‘வைவர்ன்’ என்ற புனைபெயரில் எழுதிய ராணுவ அதிகாரி கென்னி ஹெர்பர்ட், 1878-இல் வெளியிட்ட சமையல் நூலில் இந்த மிளகுத்தண்ணிக்கும் இடம் கொடுத்திருக்கிறார். மார்கழிப் பனிக்கும் மூக்கடைப்புக்கும் இதைவிட என்ன வேண்டும்?

★

நேற்றைய பரோட்டா, நேற்றைய கறி. இரண்டு மிச்சமும் ஒரே கல்லில் தீரும். தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைப் பக்கம் இரவு நேரப் பரோட்டாக் கடை வாசலில் நின்று பாருங்கள். மாஸ்டர் முதலில் கல்லில் வெங்காயத்தையும் மிளகாயையும் தள்ளுவார். முட்டையை உடைத்து ஊற்றுவார். அது பாதி வெந்ததும் பிய்த்த பரோட்டா, அதன் தலையில் ஒரு கரண்டி சால்னா. அப்புறம்தான் அந்த டக்கடக்கடக். வீட்டில் அந்தத் தாளம் வராது. இரண்டு டபராவைக் கவிழ்த்துப் பிடித்துக் கொத்தினால் கிட்டத்தட்ட வரும். வான்கோழியைப் பொடியாக நறுக்கிச் சால்னாவில் ஐந்து நிமிடம் ஊறவைத்துப் போடுங்கள். கறி சப்பென்று இருக்கிறதே என்று குறை சொன்ன பிள்ளைகள்தான் தட்டை நீட்டிக்கொண்டு முதலில் வரும்.

மிச்ச ரோஸ்ட்டைப் பிரியாணியாக மாற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். வெந்த கறி தம்மில் இன்னொரு முறை வெந்தால் சக்கை. குஸ்கா செய்து, அடுப்பை அணைக்கும் முன் பொரித்த வெங்காயத்தோடு சூடுபண்ணிய கறியைத் தூவிக் கிளறுங்கள்.

★

உருளைக்கிழங்கு மசித்து, கறியைக் கொத்தி, புதினாவும் மிளகும் சேர்த்து உருட்டி, முட்டையில் தோய்த்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தால் கட்லெட். அதே கறியை மெல்லிய மைதா தோசையில் சுருட்டி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தால் ஆங்கிலோ இந்திய வீடுகளின் ‘பான் ரோல்’. மாலை டீக்கு விருந்தாளி வந்தால் இது மிச்சம் என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. நீங்களும் வாயைத் திறக்காதீர்கள்.

★

சிங்கப்பூர், மலாக்கா யூரேசியர் வீடுகளில் கிறிஸ்துமஸ் முடிந்ததும் அடுப்பேறுவது ‘டெவில் கறி’. காய்ந்த மிளகாய், கடுகு, இஞ்சி, வினிகர் என்று சுள்ளென்ற குழம்பில் விருந்தில் மிஞ்சிய கோழி, சாசேஜ், ரோஸ்ட் எல்லாம் ஐக்கியமாகிவிடும். மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும் என்று அவர்களே சொல்வார்கள். பழைய மீன்குழம்பின் ருசி அறிந்த காசிமேட்டுக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

★

அந்த மீன்குழம்பு மறுநாள் ருசிப்பதற்குக் காரணம் உண்டு. புளியும் உப்பும் காரமும் இரவு முழுக்க மீனுக்குள் இறங்குகின்றன. புளியின் அமிலம் கிருமிகளின் வேகத்தையும் குறைக்கிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் சமைக்கும் முன்பே வெயிலில் ஐஸ் இல்லாமல் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சு உருவாகும். முகம் சிவந்து, உடம்பெல்லாம் அரிக்கும், தலை வலிக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அந்த நச்சு அழியாது. புளி காப்பாற்றும் என்று நம்பி நாறின மீனை வாங்காதீர்கள்.

★

ஏலத்தில் போகாத மீன் கருவாடாகிறது. அறுத்த ஆட்டில் மிஞ்சிய கறி உப்பும் மஞ்சளும் தடவிக் கொடியில் காய்ந்து உப்புக்கண்டமாகிறது. ‘அப்போ வான்கோழியையும் காயப்போடலாமே’ என்று தோன்றும். பச்சைக் கறிக்குத்தான் அந்த வித்தை. வெந்த ரோஸ்ட்டை மொட்டை மாடியில் காயவைத்தால் காக்கைக்கு விருந்து, உங்களுக்கு வயிற்றுப்போக்கு.

★

ஃப்ரீசரிலிருந்து எடுத்துச் சூடுபண்ணும் ‘டிவி டின்னர்’ தெரியுமல்லவா? அமெரிக்காவில் 1953-இல் நன்றியறிதல் விழாவுக்குப் பிறகு ஸ்வான்சன் நிறுவனத்திடம் 260 டன் வான்கோழி விற்காமல் தேங்கிவிட்டதாம். குளிரூட்டிய பத்து ரயில் பெட்டிகளில் அதை ஏற்றி, என்ன செய்வதென்று தெரியாமல் இங்கும் அங்கும் ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் தட்டுச் சாப்பாட்டு யோசனை பிறந்தது என்பது கதை. கதையைச் சொன்னவர் அந்த நிறுவனத்தின் விற்பனையாளர், மறுப்பவர்களும் இருக்கிறார்கள். தட்டு மட்டும் கோடிக்கணக்கில் விற்றது.

நாமும் சளைத்தவர்கள் அல்ல. விற்காத மசால்வடையைக் குழம்பில் உதிர்த்துப் போட்டு வடகறி என்று பெயர் சூட்டி, இட்லிக்குத் தொட்டுக்கொண்டு, சைதாப்பேட்டைக்குப் புகழும் வாங்கிக் கொடுத்துவிட்டோம்.

★

ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் மதராஸ் துரைமார் என்ன செய்தார்கள்? அமெரிக்காவிலிருந்து கப்பலில் ஐஸ் கட்டி வந்தது. மாசசூசெட்ஸ் ஏரிகளில் உறைந்த பனியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, நாலு மாசம் கடல் தாண்டிக் கொண்டுவந்தார் ஃபிரெடெரிக் டியூடர். அதைச் சேமிக்க 1842-இல் மெரினாவில் எழுப்பிய கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். அன்றைக்குத் துறைமுகம் கிடையாது. கடலில் நின்ற கப்பலிலிருந்து சரக்கு மசூலா படகுகளில் அலை தாண்டிக் கரைக்கு வரவேண்டும்.

★

கடைசியாக, ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டிய துணுக்கு. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமிகள் மளமளவென்று பெருகும். சென்னையின் டிசம்பர் அதற்கு நடுவில்தான் இருக்கிறது. சமைத்த கறி இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேஜையில் கிடக்கக் கூடாது. நள்ளிரவுப் பூசைக்குப் போய்விட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஒரே அண்டாவில் வைத்தால் நடுப்பகுதி ஆற வெகுநேரமாகும். கறியைச் சின்னச் சின்ன, உயரம் குறைந்த டப்பாக்களில் பிரித்து வையுங்கள். வேண்டிய டப்பாவை மட்டும் எடுத்து, நன்றாகக் கொதிக்க விட்டுச் சாப்பிடுங்கள். சூடாக்கிய மிச்சத்தைத் திரும்பவும் ஃபிரிட்ஜுக்கு அனுப்ப வேண்டாம். டப்பாவின் மேல் தேதி எழுதுங்கள்: 25 இரவு வைத்தது 28-க்குள் தீர வேண்டும். புத்தாண்டு வரை வேண்டுமென்றால் முதல் நாளே ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள்.