எடிட்டிங் மேசையில் திரண்ட படை

1403 ஜூலை 21 அன்று இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரிக்கு அருகே நான்காம் ஹென்றியின் படையும் கலகக்காரர்களின் படையும் மோதின, இருபுறமும் ஆயிரக்கணக்கானோர். 'நான்காம் ஹென்றி' நாடகத்தின் முதல் பாகத்தில் ஷேக்ஸ்பியர் அதைச் சில வாள்வீச்சுகளோடும் நிறைய வசனத்தோடும் முடித்துக்கொண்டார். மேடையில் அவ்வளவுதான் முடியும். ஆர்சன் வெல்ஸ் 'சைம்ஸ் அட் மிட்நைட்' (1965) படத்துக்காக அதே போரை மாட்ரிட் நகரத்தின் காசா தெ காம்போ பூங்காவில் எடுத்தார். கையில் பணம் குறைவு. துணை நடிகர்கள் ஏறத்தாழ 180 பேர்தான். திரையில் தெரிவதோ ஒரு பெரும்படை சேற்றில் புரண்டு அழியும் காட்சி. படத்தொகுப்பு என்றால் வேண்டாததை வெட்டி எறிவது என்றே பலரும் நினைக்கிறார்கள். கேமரா முன்னால் இல்லாத ஒன்றை உண்டாக்குவதும் அந்தக் கலையின் வேலைதான் என்பதற்கு இந்தச் சில நிமிடங்களே போதும்.

வெல்ஸ் சண்டைகளை நீண்ட ஷாட்களாகவே எடுத்தார். துணை நடிகர்கள் வாளை எடுத்தவுடனே உண்மையாகச் சண்டையிட மாட்டார்கள். உடம்பு சூடேறி, ஒத்திகை நினைப்பு மறைய நேரம் வேண்டும். அப்படிச் சூடேறிய நொடிகளை மட்டும் அவர் நறுக்கி எடுத்துக்கொண்டார். ஒரு துண்டில் ஒருவன் ஓங்குகிறான். அடுத்த துண்டில் வேறொருவன் சரிகிறான். இருவரும் நேருக்கு நேர் நின்றிருக்கவே வேண்டியதில்லை. ஓங்கியவனையும் சரிந்தவனையும் முடிச்சுப் போடுவது பார்ப்பவரின் மனம். அகலக்கோண லென்ஸ் அருகில் இருப்பவனைப் பூதாகரமாக்குகிறது; புகைமூட்டம் பின்னால் இருக்கும் வெறும் பூங்காவை மறைக்கிறது. சில ஷாட்களில் கேமராவை நொடிக்கு 24 பிரேமுக்கும் குறைவான வேகத்தில் ஓடவிட்டிருக்கிறார்கள். அதை வழக்கமான வேகத்தில் திரையிடும்போது அசைவு வெடுக்கென்று, வெறிபிடித்ததுபோல் ஆகிவிடுகிறது. கடைசியில் எல்லாம் தளர்ந்து, சேறு அப்பிய உடல்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

இது வறுமையை மறைக்கும் தந்திரம்தானே, பணம் இருந்திருந்தால் இப்படியா எடுத்திருப்பார் என்று கேட்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு படம் இருக்கிறது. லாரன்ஸ் ஒலிவியே 1943இல் அயர்லாந்தின் பவர்ஸ்கோர்ட் எஸ்டேட்டில் நூற்றுக்கணக்கான உள்ளூர் ஆட்களையும் குதிரைகளையும் வைத்து, டெக்னிகலரில், 'ஐந்தாம் ஹென்றி'யின் அஜின்கோர்ட் போரை எடுத்தார். குதிரைப்படை பாயும்போது கேமரா தண்டவாளத்தில் கூடவே ஓடுகிறது, கொடிகள் பறக்கின்றன, யார் எந்தப் பக்கம் என்பது கடைசிவரை தெளிவாகத் தெரிகிறது. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1944இல் பிரிட்டிஷ் கமாண்டோ, வான்வழிப் படையினருக்குக் காணிக்கையாக வெளிவந்த படம் அது. அதற்கு அந்தத் தெளிவு தேவைப்பட்டது. வெல்ஸ் சொல்ல வந்தது வேறு. துண்டுகள் குறுகக் குறுக, அரசன் பக்கம் எது, கலகக்காரன் பக்கம் எது என்பதே நமக்குப் பிடிபடாமல் போகிறது. நடுநடுவே, பெரிய கவசத்துக்குள் உருண்டு திரிந்து ஒதுங்கப் பார்க்கும் ஃபால்ஸ்டாஃபை, ஷேக்ஸ்பியரின் அந்தக் கோமாளி வீரனை, சேர்க்கும்போது, பெருமை பேசும் போரைவிட அந்தக் கோழையிடம்தான் அறிவு இருக்கிறது என்று தோன்றிவிடுகிறது. கூடுதல் பணம் இந்த அர்த்தத்தைத் தந்திருக்காது.

குறைகள் இல்லாமல் இல்லை. கவசமணிந்த வீரர்களைக் கயிறுகட்டித் தூக்கிக் குதிரையில் ஏற்றுவது இரு படங்களிலும் உண்டு. வரலாற்றில் அப்படி நடக்கவில்லை. 20 முதல் 25 கிலோ எடையுள்ள போர்க்கவசத்தோடு வீரர்கள் தாங்களே குதிரை ஏறினார்கள். வெல்ஸ் படத்தின் வசன ஒலிப்பதிவும் மோசம்; உதடும் குரலும் பல இடங்களில் பொருந்தவில்லை, தலைசிறந்த சில உரையாடல்கள் அதனால் கெட்டிருக்கின்றன. போர்க்காட்சியை மட்டும் அந்தக் குறை தொடவில்லை. அங்கே வசனம் கிட்டத்தட்ட இல்லை. இரும்பின் மோதலும் குதிரைகளின் கனைப்பும் முனகலும் தனியே அடுக்கப்பட்டவை, அதுவும் தொகுப்பின் வேலையே. எடிட்டிங் பயில்பவர்கள் இந்தக் காட்சியை ஒருமுறை ஒலியை முழுதாக அணைத்துவிட்டு, வெட்டுகளை மட்டும் எண்ணிக்கொண்டே பார்க்க வேண்டும்.