அடையாறு ஆலுக்கு ஒரு குளவி

அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் ஆலமரத்தின் விழுதுகளைத்தான் பார்த்துவிட்டு வருவார்கள். மரத்துக்கு வயது சுமார் 450 என்கிறார்கள். 1989இல் அடித்த புயலில் தாய்மரம் சாய்ந்துபோனது. விழுதுகளே அடிமரங்களாகித் தாங்கிக்கொண்டன. அத்தனை பெரிய மரம் பூத்து நின்று பார்த்தவர் உண்டா?

பூ பழத்துக்குள் ஒளிந்திருக்கிறது. காலடியில் நசுங்கும் அந்தச் சிவப்பு உருண்டை, உள்பக்கமாக மூடிக்கொண்ட ஒரு பூங்கொத்து. அதன் உள்சுவர் நெடுகப் பொடிப்பொடியாக நூற்றுக்கணக்கான பூக்கள். நுனியில் ஒரே ஒரு துளை, அதையும் செதில்கள் அடைத்திருக்கும். தேனீக்கோ வண்ணத்துப்பூச்சிக்கோ அங்கே வேலையில்லை.

வேலை ஒரு குளவிக்குத்தான். யூப்ரிஸ்டினா மசோனை என்று பெயர்; உடம்பு ஒன்றிரண்டு மில்லிமீட்டர். பிஞ்சின் வாசனை பிடித்து வரும் பெண்குளவி செதில்களுக்கிடையே நெருக்கிக்கொண்டு நுழையும்போது இறக்கை பிய்ந்துபோகும். இனி வெளியே பறக்க வழியில்லை. நெஞ்சுப் பகுதியில் உள்ள சிறு பைகளில் அது மகரந்தம் கொண்டுவந்திருக்கிறது. அதைச் சூல்முடிகளில் தேய்த்தபடியே முட்டையிடுகிறது. முட்டை விழுந்த பூவில் புழு வளரும். மகரந்தம் மட்டும் பெற்ற பூவில் விதை. புழுவுக்குப் போகும் பூக்கள், மரம் பிள்ளை பெறக் கொடுக்கும் கூலி. அத்திப்பழத்தைப் பிட்டால் அத்தனையும் சொத்தை என்று அலுத்துக்கொள்கிறோமே, அத்திக்கும் இப்படித் தனியாக ஒரு குளவி உண்டு.

தாய்க்குளவி அங்கேயே சாகிறது. சில வாரம் கழித்து முதலில் வெளிப்படுபவை ஆண்கள். இறக்கை கிடையாது. பெண்கள் தம் பூவறையை விட்டு வருமுன்பே அவற்றோடு கூடி, பழச்சுவரில் வழி குடைந்துவிட்டு, ஆண்கள் மடியும். பாவம், பெரும்பாலானவை வெயிலையே பார்ப்பதில்லை. பழத்துக்குள் ஆண்பூக்கள் முதிர்வதும் அந்தச் சமயத்தில்தான். பெண்கள் பைகளை நிரப்பிக்கொண்டு கிளம்பும்.

சிக்கல் இனிமேல்தான். ஒரு மரத்துக் காய்கள் பெரும்பாலும் ஒன்றாகவே முதிரும். ஆகவே குளவி புறப்படும் நேரத்தில் அதே மரத்தில் அதற்கேற்ற பிஞ்சு இருப்பது அரிது. ஆயுளோ ஓரிரு நாள். அதற்குள் வேறொரு ஆலமரம் தேட வேண்டும். காற்று கைகொடுக்கும்: நமீபியாப் பாலைவனத்தில் ஓர் அத்தி இனத்தின் மகரந்தம் குளவிகளோடு 160 கிலோமீட்டர் போயிருப்பதை 2009இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சென்னையில் அவ்வளவு தூரம் வேண்டாம். சாலையோரத்திலோ குளக்கரையிலோ பேரில்லாத ஓர் ஆல் நின்றால் போதும்.

விழுதால் அடையாறு ஆல் நூற்றாண்டுகளுக்குப் படரலாம். எவ்வளவு படர்ந்தாலும் அது ஒரே மரம்தான். புது மரத்துக்கு விதை வேண்டும், விதைக்குக் குளவி வேண்டும். குளவிகள் போனபின் பழம் சிவந்து இனிக்கும். குயிலும் மைனாவும் குக்குறுவானும் வௌவாலும் தின்று, விதையைப் பனையின் மட்டை இடுக்கிலோ மொட்டைமாடிச் சுவர் விரிசலிலோ எச்சமாக விட்டுப்போகும். அங்கே முளைக்கும் கன்றுக்குத் தாய் அடையாற்று ஆலாகவே இருக்கலாம். தகப்பன் வேறெங்கோ நிற்கும் இன்னொரு மரம்.