புதிய வீடோ, பழைய வீடோ?

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஒரு குடும்பம் தன் வாழ்நாளில் ஒரு தடவை மாத்திரம் செய்யும் பெருஞ்செலவு வீடு வாங்குதலாகும். மகளின் சீதனத்துக்காகவோ, ஓய்வுபெற்றபோது கிடைத்த தொகையைக் கொண்டோ வாங்குவோர் பலர். பிழைத்தால் மீண்டும் தேட அவர்களுக்கு வயது இராது. ஆயினும் வாங்க வருவோர் முதலிற் பார்ப்பது முகப்பையும் கதவின் சித்திர வேலையையுமே. கிணற்றில் ஒரு வாளி நீர் அள்ளிச் சுவைத்துப் பார்ப்பவர் மிகச் சிலர்.

பழைய வீட்டின் குறைகள் கண்ணுக்குத் தெரிவன. சுவர் வெடித்திருந்தால் வெடிப்புத் தெரியும். கூரைமரத்தைக் கறையான் தின்றிருந்தால் சிறு கத்தியாற் குத்தியே அறியலாம். ஆனால் சுண்ணாம்புச் சாந்திற் கட்டிய சுவரின்மேற் புதிதாகச் சீமெந்து பூசி வர்ணம் தீட்டியிருப்பின் ஐயுறல் வேண்டும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளிவிடும் இயல்பினது. சீமெந்து அவ்வழியை அடைத்துவிட, ஈரம் உள்ளே தங்கிப் பூச்சு உப்பிக் கழன்று விழும்.

புதிய வீட்டிலோ குறை மறைந்து கிடக்கும். அத்திவாரத்தின் ஆழமும், கம்பியின் கனமும், வார்த்த கொங்கிறீற்றுக்கு நாள்தோறும் நீர் ஊற்றினரா என்பதும் பூச்சு முடிந்தபின் எவருக்கும் தெரியா. கழுவாத கடற்கரை மணலைச் சேர்த்திருந்தால், அதன் உப்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துருவேறிய கம்பி பருத்துக் கொங்கிறீற்றைப் பிளக்கும். அது வெளிப்படச் சில ஆண்டுகள் செல்லும். கட்டி விற்றவர் அதற்குள் வேறு ஊரில் வேறு வீடு கட்டிக்கொண்டிருப்பார்! ஆதலின் முடிந்த புதுவீட்டிலும், கட்டப்படும் நிலையிலுள்ள வீட்டைப் பேசி, அனுபவமுள்ள மேசன் ஒருவரைக் கொண்டு இடையிடையே பார்ப்பித்து வாங்குவது மேல்.

இனி உறுதி. வீடு புதிதாயினும் காணி பழையதே. ஆகவே இரண்டுக்கும் காணிப்பதிவகத்தில் முப்பது ஆண்டு உரித்தைத் தேடுவித்தல் நொத்தாரிசுமார் வழக்கம். தேசவழமைக்கு உட்பட்டோரிடையே இன்னும் இரண்டு சங்கதிகள் உள. மணமான பெண்ணின் காணியைக் கணவனின் எழுத்து மூலமான சம்மதமின்றி விற்க 1911ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாக இடங்கொடாது. பிரிக்கப்படாத பங்கை விற்கும்போது உடன்பங்காளருக்கு முதலில் அறிவித்தல் வேண்டும். 1947ஆம் ஆண்டின் முன்கொள்வனவுச் சட்டம் அவர்களுக்கு அவ்வுரிமையை அளித்துள்ளது. உடன்பிறந்தோர் சிலர் கனடாவிலும் சிலர் இலண்டனிலும் வாழும் இக்காலத்தில் இதுவே பெரிய சிக்கல். வெளிநாட்டிலிருப்பவர் அனுப்பிய அற்றோணித் தத்துவத்தைக் கொண்டு விற்றால், அதை அளித்தவர் உயிருடன் இருக்கின்றாரா என்றும் விசாரித்தறிதல் வேண்டும். அவர் இறப்பின் தத்துவமும் முடிந்துபோம்.

கிணற்றைப் பார்க்க ஏற்ற காலம் மாரிக்கு முந்திய ஆவணி, புரட்டாதி. அப்போதும் நீர் உவராகாதிருந்தால் நன்று. பங்குக் கிணறாயின் நீர்ப்பங்கும் வழிவாய்க்காலும் உறுதியிற் சொல்லப்பட்டிருத்தல் வேண்டும். மலகூடக் குழி எங்கே உள்ளது? அயல் வளவின் குழியையும் சேர்த்தே பார்க்க. குடாநாட்டுச் சுண்ணக்கல் வெடிப்பும் துளையும் உடையது. வேலி போட்டு அழுக்கைத் தடுக்க இயலாது. நெருக்கமான சிறு துண்டுகளில் எழும் புதுவீடுகள் பலவற்றின் குறை இதுவே. நல்ல நீரும் தெளிந்த உறுதியும் உள்ள பழைய வீடு, ஓட்டை மாற்றும் செலவைச் சேர்த்துப் பார்த்தாலும் பெரும்பாலும் இலாபமானது.

புதுவீட்டையே விரும்புவோர், உள்ளூராட்சி மன்றம் வழங்கும் இணக்கச் சான்றிதழ் கைக்கு வரும்வரை விலையில் ஒரு பகுதியை நிறுத்திவைக்க நிபந்தனை செய்யலாம். முற்பணத்துக்கு முத்திரை ஒட்டிய பற்றுச்சீட்டு மாத்திரம் வாங்கித் திருப்தியடைவோர் உளர். அதனைக் காட்டிக் காணியை எழுதித் தருமாறு வழக்காட முடியாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, விற்பனை உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுதப்படல் வேண்டும்.