கம்ப்யூட்டரில் உங்கள் முதல் புத்தகம்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பாட்டு, சினிமா, கேம்ஸ் என்று பொழுது போகும். சில மாதங்கள் கழித்துப் பலருக்கும் ஓர் ஆசை வருகிறது. "இதில் ஒரு புத்தகம் எழுதிப் போடலாமா?" என்று கேட்பார்கள். தாராளமாகப் போடலாம். நான் சாப்ட்வேர் இன்ஜினியர், எழுத்தாளன் அல்ல. ஆனால் உறவினர், அக்கம்பக்கத்தார் என நான்கைந்து பேரின் புத்தகங்களுக்குக் கம்ப்யூட்டர் வேலை செய்து கொடுத்திருக்கிறேன். கதையை எப்படி எழுதுவது என்று நான் சொல்லப் போவதில்லை. எழுதியதைப் பத்திரமாக வைத்து, அச்சு வரை கொண்டு போவது எப்படி என்று பார்ப்போம்.

யூனிகோட் மட்டுமே

என் பெரியப்பா எங்கள் ஊரின் வரலாற்றை எழுதி, 2003-ல் ஒரு டி.டி.பி. சென்டரில் டைப் செய்து சி.டி.யில் வாங்கி வைத்திருந்தார். அவர் மறைந்த பிறகு பெரியம்மா அந்த சி.டி.யை என்னிடம் கொடுத்தார். பைலைத் திறந்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் புரியாத குறிகளும்தான்! கையெழுத்துப் பிரதியோ கரையானுக்கு இரையாகி விட்டது.

காரணம் இதுதான். அந்தக் கால எழுத்துருக்கள் பலவற்றில், ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் எழுத்துகளை வைத்திருந்தார்கள். அந்த எழுத்துரு கம்ப்யூட்டரில் இல்லையென்றால் தமிழ் தெரியாது. நல்லவேளையாக, வேர்டில் எழுத்துருவின் பெயர் காட்டும் பெட்டியில் பழைய பெயர் அப்படியே இருந்தது. அதை வைத்து, அந்த வகைக்கு உரிய கன்வெர்ட்டர் மூலம் யூனிகோடுக்கு மாற்றினேன். ஸ்ரீ, க்ஷ, மேற்கோள் குறிகள் எல்லாம் சிதறியிருந்தன. பெரியம்மா வரி வரியாகப் படித்துத் திருத்தினார்.

யூனிகோடில் தமிழுக்குத் தனி இடம் உண்டு. எழுத்துருவை மாற்றினாலும் எழுத்து மாறாது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இதற்குத் தனி சாப்ட்வேர் வேண்டாம். செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குச் சென்று தமிழைச் சேருங்கள். பிறகு தமிழ்99 அல்லது போனெடிக் கீபோர்டைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் கீயை அழுத்தியவாறு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும். நிறைய எழுதப் போகிறவர்கள் தமிழ்99 பழகுவது நல்லது. கீகளைத் தட்டும் எண்ணிக்கை குறையும்.

வேர்டில் கவனிக்க வேண்டியவை

அத்தியாயத் தலைப்பைப் பெரிதாக்க எழுத்தின் அளவை மட்டும் கூட்டாதீர்கள். தலைப்பைத் தேர்வு செய்து ஹெடிங் 1 ஸ்டைலைக் கிளிக் செய்யுங்கள். அப்படிச் செய்தால் பொருளடக்கத்தை வேர்டே பக்க எண்களுடன் தயாரித்துக் கொடுக்கும். புதிய பக்கம் வேண்டுமென்றால் என்டர் கீயைப் பலமுறை தட்ட வேண்டாம். கண்ட்ரோல் கீயுடன் என்டரை ஒருமுறை அழுத்தினால் போதும். வேர்ட் வாங்க வசதியில்லாதவர்கள் இலவசமான லிப்ரே ஆபிஸைப் பயன்படுத்தலாம்.

ஒரு முக்கியமான பிழை. "கௌரவம்" என்பதில் வருவது ஔகாரக் குறி. பலர் "கெ" போட்டுப் பக்கத்தில் "ள" போட்டு விடுகிறார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் தேடினால் கிடைக்காது. கண்ட்ரோலுடன் எச் அழுத்தித் தேடி மாற்றலாம். மொத்தமாக ஒரே கிளிக்கில் மாற்றி விடாதீர்கள். கெளுத்தி மீனும் மாட்டிக்கொள்ளும்! ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

தினமும் எழுதி முடித்ததும் பைலை ஒரு பென் டிரைவில் காப்பி செய்யுங்கள். இன்னொன்றை உங்கள் இமெயிலுக்கே அனுப்பி வையுங்கள். ஹார்ட் டிஸ்க் சொல்லிக்கொண்டு பழுதாவதில்லை.

அச்சகத்துக்குப் போகும் முன்

பல தமிழ்ப் புத்தகங்கள் டெமி 1/8 அளவில், அதாவது ஏறத்தாழ ஐந்தரைக்கு எட்டரை அங்குலத்தில் வருகின்றன. பக்க அளவைத் தொடக்கத்திலேயே அப்படி அமைத்துக் கொண்டால் எத்தனை பக்கம் வரும் என்று தெரியும். 16 பக்கம் ஒரு பாரம். 160 பக்கம் சரியாகப் பத்து பாரம். 163 பக்கம் வந்தால் அந்த மூன்று பக்கத்துக்காக இன்னொரு அரை பாரமாவது அச்சிட வேண்டி வரும்.

படங்கள் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருக்க வேண்டும். நான்கு அங்குல அகலப் படத்துக்கு 1200 பிக்ஸல் தேவை. வாட்ஸ்அப்பில் படமாக வந்தது சுருங்கியிருக்கும். ஒரிஜினலைக் கேட்டு வாங்குங்கள்.

சில அச்சகங்களில் பக்கம் அமைக்க யூனிகோடிலிருந்து பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். அப்போது புதுப் பிழைகள் முளைக்கும். எனவே கடைசிப் புரூபைத் தாளில் எடுத்து, முதலிலிருந்து படியுங்கள்.

அச்சிடாமலும் வெளியிடலாம்

அமேசானின் கிண்டில் 2016 இறுதியிலிருந்து தமிழ் மின்னூல்களை ஏற்கிறது. வெளியிடக் கட்டணம் இல்லை. ராயல்டி 35 அல்லது 70 சதவீதம். இந்திய விற்பனைக்கு 70 சதவீதம் வேண்டுமென்றால், விலை வரம்பு போன்ற நிபந்தனைகளோடு செலக்ட் திட்டத்திலும் சேர வேண்டும். அதில் சேர்ந்தால் 90 நாட்களுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் தரக்கூடாது. அச்சுப் புத்தகத்துக்கு இந்தத் தடை இல்லை.

ஐ.எஸ்.பி.என். என்னும் 13 இலக்க எண் இந்தியாவில் இலவசம். ராஜா ராம்மோகன் ராய் ஏஜென்சியிடம் ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். அச்சுக்கும் மின்னூலுக்கும் தனித்தனி எண் வாங்குங்கள்.

கையெழுத்துப் போடும் முன்

எழுதிய உடனேயே காப்புரிமை உங்களுடையதுதான். பதிவு செய்வது கட்டாயமில்லை. 1957-ம் ஆண்டுச் சட்டப்படி அது எழுதியவரின் ஆயுள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். பெரியப்பாவின் புத்தக உரிமை இன்று பெரியம்மாவிடமும் பிள்ளைகளிடமும் இருப்பது இதனால்தான்.

உரிமையை எழுத்து மூலம், கையெழுத்திட்டுத்தான் மாற்றித் தர முடியும். ஒப்பந்தத்தில் காலம் குறிக்கவில்லையென்றால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிக்கவில்லையென்றால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். எனவே "நிரந்தரமாக", "எல்லா உரிமைகளும்" என்ற சொற்கள் இருந்தால் நின்று யோசியுங்கள். பதிப்பகம் உங்களிடம் பணம் கேட்டால், எத்தனை பிரதி, விற்காதவை யாருக்கு, வேர்ட் பைலும் பி.டி.எப்.பும் உங்களுக்குக் கிடைக்குமா என்பதை எழுதி வாங்குங்கள்.

இன்றே ஒரு போல்டர் திறந்து, அதற்கு உங்கள் புத்தகத்தின் பெயரை வையுங்கள். தினமும் ஒரு பக்கம் எழுதினால், ஆறு மாதத்தில் 180 பக்கம் சேர்ந்துவிடும். வாழ்த்துகள்!