காலையில் சொன்னது மதியம் ஏன் மறக்கிறது?

கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு தோழி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. அவங்க அப்பாவுக்கு கார்டியாக் அரெஸ்ட் வந்து, சிபிஆர் கொடுத்துக் காப்பாற்றிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து இரண்டரை மாசம். முப்பது வருஷத்துக்கு முந்தைய வரப்புத் தகராறை அட்சரம் பிசகாமல் சொல்கிறார். காலையில் மாத்திரை போட்டாரா என்பது மட்டும் தெரியவில்லை. "வேணும்னே பண்றார்னு அம்மா நினைக்கிறாங்க" என்கிறார்.

வேணும்னு பண்ணலை. அதை முதல்லயே சொல்லிடறேன்.

ஹார்ட் அட்டாக் வேற, இது வேற. அட்டாக்கில் இதயத் தசைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுகிறது. அரெஸ்ட்டில் இதயம் பம்ப் பண்ணுவதே நின்றுவிடுகிறது. மூளைக்கு ரத்தம் போகாது. சில நிமிடங்களில் செல்கள் அடிவாங்கத் தொடங்கும். அதில் ரொம்ப நோஞ்சான் ஹிப்போகேம்பஸ், அதிலும் சிஏ1 என்கிற பகுதி. புது ஞாபகங்களைப் பதிய இது வேண்டும்.

ஆர்.பி. என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படும் ஓர் அமெரிக்க நோயாளிக்கு 1978-ல் இதய ஆபரேஷனை ஒட்டி மூளைக்கு ரத்தம் குறைந்தது. அதன்பின் புதிதாக எதுவும் மனதில் நிற்பது கஷ்டமானது. அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்து 1986-ல் கட்டுரை வந்தது: சிஏ1 இரண்டு பக்கமும் போயிருந்தது. நம்ம ஐடி ஆட்கள் "ரேம் போச்சு, டிஸ்க் இருக்கு" என்பீர்கள். சேவ் பட்டன் வேலை செய்யலைன்னு சொன்னா இன்னும் பொருந்தும். கூடவே கவனமும் குறையலாம், சீக்கிரம் களைப்பும் வரலாம்.

சரி, என்ன செய்வது? மெமரி கேம் ஆப் வாங்காதீங்க. விளையாட விளையாட அந்த விளையாட்டில்தான் தேர்ச்சி வரும், மாத்திரை ஞாபகம் வராது.

"யோசிச்சுப் பாருங்கப்பா, காலைல என்ன சாப்பிட்டீங்க?" என்று பரீட்சை வைப்பதையும் நிறுத்தணும். பேட்லியும் பார்பரா வில்சனும் 1994-ல் காட்டியது இதுதான்: ஞாபகம் கெட்டவர் தப்பாக ஊகித்தால் அந்தத் தப்பே பதிந்துவிடும், அது தப்பு என்பது பதியாது. அதனால் விடையை நாமே சொல்லிவிட வேண்டும். "மாத்திரை டப்பா டிவிக்குப் பக்கத்துல" என்று சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்ல வைக்கணும். ஒரு நிமிஷம் கழித்து மறுபடி, பிறகு இரண்டு, நாலு, எட்டு என்று இடைவெளியைக் கூட்டணும். டப்பா இடம் மாறவே கூடாது. பழக்கமாக மாறும் விஷயங்களுக்கு மூளையில் வேறு பாதை இருக்கிறது, அது பெரும்பாலும் தப்பித்திருக்கும்.

எனக்குப் பிடித்த கதை நியூரோபேஜ். தலையில் அடிபட்ட மகனுக்காக ஓர் அமெரிக்க இன்ஜினியர் அப்பா, ஒரு நியூரோசைக்காலஜிஸ்டோடு சேர்ந்து உருவாக்கிய பேஜர். நேரத்துக்கு பீப் அடித்து, செய்ய வேண்டியதை எழுத்தில் காட்டும். இங்கிலாந்தில் பார்பரா வில்சன் குழு மூளை பாதிப்புள்ள 143 பேரிடம் சோதித்தது. முடிவு 2001-ல் வந்தது. முழுசாக முடித்தவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் முன்னேற்றம். இன்று அதை எந்த போனும் செய்யும். ஆனால் வெறும் ரிங்டோன் போதாது, எதுக்கு அடிக்குதுன்னு அவருக்குத் தெரியாது. "பிபி மாத்திரை, டிவி பக்கத்து டப்பா" என்று அம்மா குரலிலேயே ரெக்கார்ட் பண்ணி வையுங்க. போட்டதும் நோட்டில் டிக்.

கேஸ் அடுப்பு, பைக், பணம் மூன்றும் இப்போதைக்கு வேறொருவர் பொறுப்பில்.

2021 ஐரோப்பிய வழிகாட்டுதல், உயிர் பிழைத்தவர்களுக்கு மூன்று மாசத்துக்குள் ஞாபகச் சோதனையும் செய்யச் சொல்கிறது. இதய டாக்டரிடம் நாமே கேட்டால்தான் பல இடங்களில் நடக்கும். மோகா டெஸ்ட் தமிழிலும் இருக்கு. மேற்கொண்டு பயிற்சிக்கு பெங்களூரு நிம்ஹான்ஸ், திருவண்ணாமலையிலிருந்து பஸ் தூரம்தான். தோழி, உங்களுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கு. அடுத்த செக்கப்புக்கு அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க, டாக்டர் வாயாலேயே அவங்க கேட்கட்டும்.