வாகனங்களைத் திரும்பப் பெறல்

வாகனங்களைத் திரும்பப் பெறல் என்பது, விற்கப்பட்ட வாகனங்களில் பாதுகாப்பைப் பாதிக்கும் குறைபாடு இருப்பது தெரியவரும்போது, தயாரிப்பு நிறுவனம் அவற்றை வரவழைத்து இலவசமாகச் சரிசெய்து தரும் நடைமுறை ஆகும். பெயர் இவ்வாறு இருப்பினும், பெரும்பாலான நேரங்களில் நிறுவனம் வாகனத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்வதில்லை. பழுதான உறுப்பைச் சோதித்து, தேவைப்பட்டால் மாற்றி, உரிமையாளரிடமே ஒப்படைக்கிறது.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் 2018

பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரத்தைத் தலைநகராகக் கொண்ட மாவட்டம், 1990களில் இருந்து மகிழுந்துத் தொழிலின் மையமாகவும் வளர்ந்தது. ஃபோர்டு நிறுவனத்தின் சென்னைத் தொழிற்சாலை அமைந்த மறைமலை நகர், 2018 இல் இம்மாவட்டத்தில் இருந்தது. 2019 இல் பிரிக்கப்பட்ட செங்கல்பட்டு மாவட்டத்தில் இப்போது உள்ளது.

2018 சூலையில், இத்தொழிற்சாலையில் உருவான எக்கோஸ்போர்ட் மகிழுந்துகள் சிலவற்றைச் சோதிக்கப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. 2017 நவம்பர், திசம்பர் மாதங்களில் தயாரிக்கப்பட்ட 1,018 வண்டிகளில் ஓட்டுநர் இருக்கை, முன்பயணி இருக்கை ஆகியவற்றின் சாய்வுப் பூட்டுகளும், 2017 மே, சூன் மாதங்களில் தயாரிக்கப்பட்ட 4,379 வண்டிகளில் முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் பற்றவைப்பும் சோதனைக்கு உட்பட்டன.

சாய்வுப் பூட்டின் பணி

இருக்கையின் அடிப்பகுதியும் முதுகுப்பகுதியும் சேரும் இடத்தில் சாய்வுப் பூட்டு உள்ளது. பல்லமைப்பு ஒன்று முதுகுப்பகுதியை வேண்டிய கோணத்தில் இறுக்கிப் பிடிக்கிறது. பின்னாலிருந்து வேறொரு வண்டி மோதும்போது, அமர்ந்திருப்பவரின் உடல் முதுகுப்பகுதியைப் பின்னோக்கித் தள்ளும். பூட்டு வலுவின்றி இருந்தால் இருக்கை சாய்ந்துவிடும். இருக்கைப் பட்டை உடலைச் சரியாகப் பிடிக்காது. பின்னிருக்கையில் இருப்பவரும் அடிபடலாம். அன்றாட ஓட்டத்தில் இக்குறை வெளிப்படாமலே இருக்கக்கூடும் என்பதால், உரிமையாளர் தாமாக அதைக் கண்டறிவது கடினம்.

சட்டம்

ஐக்கிய அமெரிக்காவில் 1966 ஆம் ஆண்டுச் சட்டம் இந்நடைமுறைக்கு அடித்தளமிட்டது. இந்தியாவில் 2012 இல் மோட்டார் வாகனத் தயாரிப்பாளர் சங்கம் தன்விருப்ப நெறிமுறையை ஏற்றுக்கொண்டது. 2018 ஆம் ஆண்டு அறிவிப்பு வெளியானபோது கட்டாயச் சட்டம் எதுவும் இல்லை.

மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், 2019 வழியாக 110அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது; இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. இதன்படி நடுவண் அரசே திரும்பப் பெறுமாறு ஆணையிடலாம். நிறுவனம் பழுதை நீக்கவோ, வேறு வாகனம் தரவோ, விலையைத் திருப்பித் தரவோ வேண்டும். 10 இலட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை தண்டத்தொகையும் விதிக்கப்படலாம். தானே குறையைக் கண்டு அரசுக்குத் தெரிவித்துத் திரும்பப் பெறும் நிறுவனத்துக்கு இத்தண்டம் இல்லை; குறையை மறைப்பதை விட அறிவிப்பதே நிறுவனத்துக்கு ஆதாயம் என்பது இந்த ஏற்பாட்டின் நோக்கம்.

பழுது நீக்கம் பெறும் முறை

ஒவ்வொரு வாகனத்துக்கும் 17 எழுத்துகளும் எண்களும் கொண்ட அடையாள எண் உண்டு. இது வாகனப் பதிவுச் சான்றிதழில் அடிச்சட்ட எண்ணாகக் குறிக்கப்பட்டிருக்கும். ஒரே மாதிரியைச் சேர்ந்த எல்லா வண்டிகளிலும் குறை இருப்பதில்லை. குறிப்பிட்ட நாட்களில் தயாரானவற்றில் மட்டுமே இருக்கலாம். ஆகவே நிறுவனத்தின் வலைத்தளத்திலோ அங்கீகரிக்கப்பட்ட பணிமனையிலோ இவ்வெண்ணைக் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும். பட்டியலில் இருந்தால் உறுப்புக்கும் கூலிக்கும் கட்டணம் இல்லை. வேலை முடிந்ததும் அதற்கான பணிச்சீட்டைப் பெற்று வைப்பது நல்லது.

நிறுவனம் அனுப்பும் கடிதம் முதலில் வாங்கியவரின் முகவரிக்கே செல்லக்கூடும். எனவே பழைய வண்டி வாங்குவோர், விற்பவர் அறியாத குறை ஏதேனும் எஞ்சியுள்ளதா என்பதைத் தாமே சரிபார்த்தல் அவசியம். ஃபோர்டு இந்தியாவில் மகிழுந்து தயாரிப்பை 2022 இல் முடித்துக்கொண்டது. எனினும் அதன் வண்டிகள் சாலைகளில் இன்றும் ஓடுகின்றன. தயாரிப்பு நின்றுபோனாலும் பழைய பூட்டின் குறை தானாக நீங்குவதில்லை.