கார் சர்வீஸ் விவரங்களை எழுதி வைக்கிறீர்களா? ஒரு நோட்டு செலவைக் குறைப்பது எப்படி?

“பிரேக் ஆயில் கடைசியா எப்ப மாத்துனீங்க?” என்று மெக்கானிக் கேட்டால், பலரிடம் இருந்து வரும் பதில், “போன தீபாவளி பக்கம்னு நினைக்கிறேன்” என்பதுதான். இந்த ‘நினைக்கிறேன்’தான் செலவு வைக்கும். நல்லா இருக்கிற பாகத்தை மாற்றிவிடுவோம், மாற்ற வேண்டியதை விட்டுவிடுவோம்.

என்னவெல்லாம் எழுத வேண்டும்?

தேதி, ஓடோமீட்டர் காட்டும் கி.மீ., செய்த வேலை, மாற்றிய பாகம், செலவு. இந்த ஐந்து போதும். வெறுமனே ‘ஜெனரல் சர்வீஸ்’ என்று எழுதினால் பயனில்லை. எந்த பிராண்ட் ஆயில், என்ன கிரேடு, எந்த ஃபில்டர் என்பது வரை குறிப்பிடுங்கள்.

தேதி, கி.மீ. இரண்டும் ஏன்?

பல பெட்ரோல் கார்களுக்கு 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, இதில் எது முதலில் வருகிறதோ அப்போது இன்ஜின் ஆயில் மாற்ற வேண்டும். மாதம் 500 கி.மீ. மட்டும் ஓடும் கார் 10,000 கி.மீ. தொட 20 மாதம் ஆகும். கி.மீ. கணக்கை மட்டும் பார்த்தால் 8 மாதம் லேட்! உங்கள் காருக்கான சரியான கணக்கு, காரோடு வந்த கையேட்டில் இருக்கும்.

பாதுகாப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும். ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை குறையும். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தால் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ்கள் உருவாகலாம். அப்போது பெடல் உள்ளே போகும், வண்டி நிற்காது. பல நிறுவனங்கள் 2 ஆண்டுக்கு ஒருமுறை இதை மாற்றச் சொல்கின்றன.

டயரின் பக்கவாட்டில் உள்ள 4 இலக்க எண்ணையும் குறித்து வையுங்கள். ‘2322’ என்றால் 2022-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது.

மைலேஜ் பார்ப்பது எப்படி?

டேங்கை ஃபுல் செய்து கி.மீ. குறியுங்கள். அடுத்த முறை மீண்டும் ஃபுல் செய்யுங்கள். நடுவில் ஓடியது 480 கி.மீ., இப்போது போட்டது 32 லிட்டர் என்றால் மைலேஜ் 15. இது திடீரென 12 ஆகக் குறைந்தால், டயர் காற்று, ஏர் ஃபில்டர் இரண்டையும் முதலில் பாருங்கள்.

விற்கும்போது உதவுமா?

கண்டிப்பாக. பில்லோடு கூடிய பதிவு இருந்தால் வாங்குபவருக்கு நம்பிக்கை வரும், நீங்களும் தைரியமாக விலை பேசலாம். நீங்கள் பழைய கார் வாங்கினாலும் இதையே கேளுங்கள். இரண்டு வருஷத்துக்கு முந்தைய பில்லில் 48,000 கி.மீ., இப்போது மீட்டரில் 41,000 என்றால் சந்தேகப்பட வேண்டும்.

நோட்டா, மொபைலா?

எது வசதியோ அது. ஆனால் தெர்மல் பேப்பர் பில்கள் சில மாதங்களில் மங்கிவிடும். வாங்கியதும் போட்டோ எடுத்துவிடுங்கள். பேட்டரி வாரன்டி கேட்கப் போகும்போது தேவைப்படும். இன்ஷூரன்ஸ் முடியும் தேதியையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால், சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸ் போய்விடும்.

பழைய விவரம் எதுவும் இல்லையா? அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் விட்ட கார் என்றால், வண்டி எண்ணைச் சொல்லி சர்வீஸ் ஹிஸ்டரி கேளுங்கள். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, இன்றைய ஓடோமீட்டர் எண்ணை முதல் வரியாக எழுதித் தொடங்குங்கள்.